சீமைக் காளைக்குத் தீவனம் கொண்டு வந்தவர்

ஊட்டியில் ஓர் அரசு இறைச்சி மாட்டுப் பண்ணையில் குமாஸ்தாவாக இருந்தபோது அவரைச் சந்தித்தேன். கட்டபெட்டுப் பக்கம் கறிக்கு மாடு வளர்த்து விற்கும் வியாபாரி. ஒல்லி உடம்பு, முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டு. எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் மாட்டைப் பார்க்கமாட்டார். குனிந்து புல்லை விரலால் அளப்பார்.

எந்த இன மாடு வாங்கலாம் என்று யோசனை கேட்க எங்கள் அதிகாரி அவரை அழைத்திருந்தார். அதற்கு முந்தின வாரமே சீமைக் காளைகள் வாங்க உத்தரவு போய்விட்டது. காளையின் படத்தைப் பெருமையாக நீட்டினார் அதிகாரி.

"யானையாட்ட இருக்குதுங்க," என்றார் வியாபாரி. "நம்ம சரிவுல புல்லு ரெண்டு விரக்கடைதானுங்க. உறைபனி விழுந்தா அதுவும் கருகிப்போயிரும். சின்ன உடம்பு நாட்டு மாடுதானுங்க தாங்கும்."

"சின்ன மாட்ட வெச்சுக்கிட்டு மந்திரிக்கு எதைய்யா காட்டறது?"

காளைகள் வந்தன. மந்திரியும் வந்து படம் எடுத்துக்கொண்டார். தை மாதத்துக்குள் காளைகளின் விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ண முடிந்தது. 'இம்மலைப் புல் உயர்ந்த இனத்துக்குத் தகுதியற்றது' என்று அதிகாரி சொல்லச் சொல்ல, நான்தான் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.

அந்த வாரமே வியாபாரி ஒரு லாரி சோளத்தட்டோடு வந்து இறங்கினார்.

"யாருங்க கொண்டாரச் சொன்னது?" என்றேன்.

"மாடு என்னங்க பண்ணும்? அதுவா உத்தரவு போட்டுச்சு?"

விஷயத்தை அதிகாரியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "தீவனம் தாராளமாக் கிடைக்குதுன்னு எழுதுய்யா. இன்னும் பத்துக் காளை கேப்போம்."

வெளியே சோளத்தட்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.