மாமி கட்டிய சிவப்புப் போத்தல்

கார் பள்ளத்தில் விழும்போதெல்லாம் முன் இருக்கைக்குக் கீழே "கடகட" என்று ஒரு சத்தம் உருண்டு போய், உருண்டு திரும்பி வரும். பிள்ளைகளே, நிலாவெளி வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த என் சின்ன வயதில், அதுதான் எங்கள் காரின் குரல் என்று நான் நினைத்திருந்தேன்.

அது தீயணைப்பான். வீட்டில் "சிவப்புப் போத்தல்" என்போம். வாடகைக்கு ஓடிய அந்தப் பழைய கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்பதால், அப்பா அதை டிக்கியில் சாமான்களுக்கு அடியில் வைக்காமல், கைக்கு எட்டட்டும் என்று இருக்கைக்கடியில் சும்மா போட்டிருந்தார்.

அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, ஓரப் பல் ஆடி வலிக்க, பல் டாக்டருக்குப் பயந்து நாள் கடத்தி, கடைசியில் ஒருநாள் டவுனுக்குப் போகச் சம்மதித்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

"அண்ணா, உங்கட போத்தல் என்ர பல்லுக்குள்ளயெல்லோ உருளுது."

"உருண்டால்தான் அது கிடக்குதெண்டு எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

மாமி உடனே இருக்கைக்கடியில் குனிந்தார். கையோடு கொண்டுவந்த பழைய சீலைத் துண்டால், போத்தலை இருக்கையின் இரும்புக் காலோடு முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டிவிட்டார்.

"குழப்படி மாட்டைக் கட்டினமாதிரிக் கட்டியிருக்கிறாய்," என்று அப்பா சிரித்தார்.

உப்புவெளிக்குக் கிட்ட வந்தபோது றப்பர் எரியும் மணம் வந்து, எஞ்சினை மூடியிருந்த பொனற்றின் இடுக்கால் புகையும் கிளம்பியது. அப்பா காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எங்களைத் தூரப் போய் நிற்கச் சொல்லிவிட்டுப் போத்தலுக்குக் கை நீட்டினார். அது வரவில்லை. பதறிய விரல்களுக்கு முடிச்சு அவிழவும் இல்லை. புகைக்குள் மஞ்சளாக நெருப்புத் தெரிந்தது.

வேலியோரம் என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமி, கையை விட்டுவிட்டு ஓடினார்.

"தள்ளுங்கோ அண்ணா. நான் கட்டினது, எனக்குத்தான் அவிழ்க்கத் தெரியும்."

குனிந்து முடிச்சைப் பல்லால் கவ்வி, வலியையும் மறந்து இழுத்தார். முடிச்சும் வந்தது, பல்லும் வந்தது.

அப்பா போத்தலின் பூட்டு ஊசியைப் பிடுங்கி, பொனற்றை முழுக்கத் திறந்தால் காற்றுப் பட்டு நெருப்பு எழும்பும் என்று கொஞ்சம் மட்டும் உயர்த்தி, அந்த இடுக்கால் நெருப்பின் அடியைப் பார்த்து அடித்தார். வெள்ளைத் தூள் எங்கும் பறந்து, நெருப்பு அடங்கியது. சில வயர்கள் கருகியதோடு கார் தப்பிவிட்டது.

மாமி வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "இனி டவுனுக்கு என்னத்துக்கு? பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை போவம்," என்றார்.

அதன்பிறகு போத்தல் உருளவும் இல்லை, முடிச்சுப் போடப்படவும் இல்லை. ஒரு தட்டில் திறக்கும் இரும்புப் பட்டியொன்றைக் கராஜில் பூட்டுவித்தார் அப்பா. உருண்டு பிரேக்குக்குக் கீழே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. காலியான போத்தலை மறக்காமல் நிரப்பியும் எடுத்தார்.

அந்தக் கார் இன்றில்லை. வீதியும் வழுவழுப்பாகிவிட்டது. லிங்கநகரிலிருந்து நான் ஓட்டும் காரில், பட்டிக்குள் போத்தல் அசையாமல் இருக்கிறது. அது நிரம்பியிருப்பதைக் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று நீங்கள்தான் எட்டிப் பார்த்துச் சொல்கிறீர்கள். ஆனாலும் நிலாவெளியிலிருந்து மாமி ஏறினால், கொஞ்சத் தூரம் போனதும், அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துக்கொண்டு கேட்பார்:

"தம்பி, போத்தல் இருக்குதே?"

"ஓம் மாமி."

"சத்தத்தைக் காணேல்லை. அதுதான் கேட்டனான்."