திங்கட்கிழமை முதல் சவரம்

திங்கட்கிழமை காலை கத்தியைத் தீட்டுவதற்கு முன்னால் எம்லின் ரீஸ் வெந்நீர்க் கிண்ணத்தில் இரண்டு கைகளையும் முக்கிவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார். மடங்க மறுக்கும் விரலிடம், "ஏய், எந்திரி. ஆட்டம் நேத்தே முடிஞ்சிருச்சு" என்பார்.

எங்கள் ஒஹையோ ஊரில் இரும்பாலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு முகம் மழிப்பவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்காகக் கூலி வாங்கிக்கொண்டு பந்தாடுகிறவரும் அவர்தான். கால்பந்து என்றுதான் பெயர். உதைப்பதைவிட, பந்தைக் கையில் பிடித்தவன்மேல் எல்லோரும் விழுவதுதான் அதிகம். ரீஸுக்கு முன்வரிசையில் நடு இடம். குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் நிற்பவனுக்குத் தள்ள வேண்டும். தள்ளியதும் எதிரணி முழுக்க அவர்மேல் வந்து விழும். பத்து வருடத்துக்கு மேலாக விழுகிறது. மூக்கு இரண்டு முறை திசை மாறிவிட்டது.

காசு வாங்கியது தெரிந்தால் கல்லூரி அணியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், வெளியூர் மாணவர்கள் பொய்ப் பெயரில் ரயிலேறி வந்து எங்களுக்கு ஆடிவிட்டுப் போவார்கள். ரீஸையும் ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னோம். "அங்க நிக்கிற அத்தன தாடையும் எனக்குத் தெரியும். என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்றார். மண்டை உடையாமலிருக்க ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் தோல் தொப்பியும் வேண்டாம் என்பார். "காத மூடிக்கிட்டா கூட்டம் திட்டுறது கேக்காது. திட்டு வாங்காம எனக்கு வேகம் வராதுப்பா."

சலூன் அவருடையது அல்ல, மாமனார் ஹேபர்லினுடையது. கிழவருக்கு இந்த ஆட்டம் மாட்டுச் சண்டை. ஆற்றோர மைதானத்தில் காலே வைத்ததில்லை என்பது அவர் பெருமை. "ஆடுற கையில கத்தியக் குடுத்தா எவன் கழுத்த நீட்டுவான், மாப்பிள்ளை?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் ஒப்பந்தம்: திங்கட்கிழமை முதல் சவரம் மாமனாருக்கு. ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் பந்தாட்டம் அன்றோடு சரி. ரீஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "அந்த ஆட்டம் மட்டும் இல்லாட்டி எனக்கு வாரம் பூரா திங்கக்கெழமதான்."

போன ஞாயிறு அக்கரை ஊரோடு ஆட்டம். விடாத மழை. ஆற்றோரத்து மஞ்சள் களிமண்ணில் யார் எந்த அணி என்றே தெரியவில்லை. எங்கள் தெருக்களில் கரிதான் உண்டு; அந்த மஞ்சள் மண் மைதானத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. கடைசியில் ஜெயித்தோம். குவியலுக்கு அடியிலிருந்து ரீஸை இழுத்தபோது வலது கட்டைவிரல் உருளைக்கிழங்காக வீங்கியிருந்தது.

மறுநாள் காலை சலூனில் நிற்க இடமில்லை. வெற்றியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கிழவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கழுத்திலிருந்து பாதம்வரை வெள்ளைத் துணி. ரீஸ் நுரை பூசினார். கன்னம் தப்பியது. மோவாய் தப்பியது. காதுக்குக் கீழே கத்தி ஒரு கணம் தடுமாறியது. வெள்ளை நுரையில் சிவப்பு மெல்லப் பரவியது. பத்து வருட ஆட்டம் அந்த ஒரு பொட்டில் முடிந்தது என்று நினைத்தேன். ரீஸ் கத்தியை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டார்.

கொல்லுப்பட்டறை ப்ரோஹாஸ்காவுக்கு எங்கே எதைப் பேசுவது என்று தெரியாது. "ரத்தமா அது?" என்றான்.

கிழவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் பார்த்தார். கையை நீட்டிப் படிகாரத்தைத் தானே எடுத்து அழுத்திக்கொண்டார். "பரு. நேத்தே இருந்துச்சு."

"இல்லைங்க, கத்தி பட்டு..."

"என் மூஞ்சி, என் பரு. ஒனக்கு என்னடா வலிக்குது? மாப்பிள்ளை, மீசையோரம் பாக்கி இருக்கு பாரு."

ரீஸ் கத்தியை மறுபடி விரித்து மீதியை முடித்தார். பிறகு துணியை உருவினார். கிழவரின் இரண்டு பூட்சிலும் கணுக்கால்வரை மஞ்சள் களிமண் காய்ந்து அப்பியிருந்தது.

கிழவர் சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ரீஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் எழுந்து வருவதற்குள், பிடரி தட்டுகிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, வீங்கிய கட்டைவிரலை எதிலும் படாமல் தூக்கி வைத்தபடி, அந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.