இருட்டைக் காட்டிய வரைபடம்

சின்னாளபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் திண்டுக்கல் வந்துபோகும் அறிவுச்செல்விக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. தெருவிளக்குக்குத் திட்டம் போட்டுத் தரும் சின்னக் கம்பெனி அது. வண்டியில் கருவி பொருத்தித் தெருத்தெருவாக அளந்து வந்த வெளிச்சத்தை அவள் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கினாள். வெளிச்சமான தெரு மஞ்சள், மங்கலானது நீலம், விளக்கே இல்லாதது கறுப்பு. கறுப்பில் ஒரு கம்பம் நட்டால் வெளிச்சம் எதுவரை போகும் என்று திரையிலேயே நட்டுப் பார்த்துவிடலாம். ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லட்டும் என்று அதை இணையத்திலும் போட்டார்கள்.

அதன்பிறகுதான் சங்கிலிப் பறிப்புச் செய்திகள் வர ஆரம்பித்தன. அவள் பெரிதாக நினைக்கவில்லை. அலுவலகத்தைக் கூட்டும் இன்னாசியம்மாள் ஒருநாள் கழுத்தில் கட்டோடு வந்து நின்றாள்.

"எந்த இடத்துலக்கா?"

"ரேசன் கடைக்குப் பின்னாடி சந்து. பொழுது சாஞ்சு செத்த நேரந்தான் இருக்கும். எனக்காகவே காத்துக் கெடந்த மாதிரி பைக்க அமத்திட்டு நின்னாய்ங்க."

அறிவுச்செல்வி வரைபடத்தைத் திறந்தாள். சந்து கறுப்பு. செய்தியில் வந்த மற்ற இடங்களும் கறுப்பு. எந்தப் போனிலிருந்து எந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள் என்பதும் அவளிடம் பதிவாகும். யாரோ ஒருவர் ஒவ்வொரு இடத்தையும் பறிப்புக்கு முந்தின நாள் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார். இன்று காலையிலிருந்து அதே ஆள் நூல்மில்லுக்குப் பின்புறத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் தெரு.

மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் நம்பவில்லை. "இருட்டுன்னா களவாணி வரத்தான் செய்வான். மேப்பு என்னம்மா பண்ணும்?"

போலீஸ் ஸ்டேஷனில், "பாக்குறது குத்தமாம்மா?" என்றார்கள்.

அறிவுச்செல்வி யாரையும் கேட்காமல் வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, சாயங்காலம் மில் வாசலுக்குப் போனாள். வெளியே வந்த பெண்களிடம், "இன்னைக்கு மெயின் ரோட்டுப் பக்கமாப் போங்கக்கா" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாள். கடைசிப் பெண்ணும் போனபிறகு, பின்தெருவிலிருந்து விளக்கு எரியாத பைக் ஒன்று மெதுவாக உருண்டு வந்தது. பின்னால் இருந்தவன் செல்போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தான். அப்படியே போய்விட்டார்கள்.

மறுநாள் கம்பெனி இணையதளத்தின் கருத்துப் பெட்டியில் பெயரில்லாமல் ஒன்று வந்திருந்தது: "மேப் ரொம்ப உபயோகமா இருந்துச்சு. ஏன் எடுத்தீங்க? நேத்து மில் வாசல்ல நின்ன மேடத்தக் கேட்டுச் சொல்லுங்க."

அதைப் படித்த முத்துக்கிருஷ்ணன் உடனே அதை அச்செடுத்துக்கொண்டார். பிறகு அவரே அவளை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். இந்தமுறை புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மில் தெருவில் விளக்குகள் வந்தன. இன்றுவரை யாரும் பிடிபடவில்லை. அறிவுச்செல்வி இப்போதெல்லாம் பொழுதிருக்கும்போதே பஸ் ஏறிவிடுகிறாள்.