செலவாகாத கழிப்பறை

எனக்குப் பொன்னாடை என்றாலே எரிச்சல். மதுரையில் ஒரு கூட்டத்தில் போர்த்திய ஒன்று விளாங்குடி வீட்டு பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அரசாங்கம் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கும் பணம் எந்த வழியாக, எப்போது ஊருக்குள் வந்து சேர்கிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் நான் செய்துவரும் ஆராய்ச்சி. அதற்காகத் திருவாதவூர்ப் பக்கம் ஒரு பால்வாடிக்குப் போயிருந்தேன். அங்கே கழிப்பறை கிடையாது. பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குப் போய்வந்தார்கள். லாரி ஓடுகிற ரோடு. டீச்சர் சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.

"பணம் வந்துச்சு மேடம். மார்ச் கடைசில, கணக்கு வருசம் முடிய நாலு நாள் இருக்கும்போது வந்துச்சு. நாலு நாள்ல கொத்தனாரப் பிடிச்சு எப்படிக் கட்டி முடிக்க? திரும்பிப் போயிருச்சு," என்றார். நான் கேட்காமலே அலமாரியிலிருந்து பச்சை அட்டை போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். பணம் வந்த தேதி, போன தேதி இரண்டையும் அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். "இத எழுதுங்க மேடம். யாராச்சும் படிக்கட்டும்."

எழுதினேன். போன இடமெல்லாம் இதே கதை. வருடம் முடியப்போகிற நேரத்தில் பணத்தை அனுப்பிவிட்டு, செலவு செய்யவில்லை என்று பிடுங்கிக்கொள்வது சுத்த அயோக்கியத்தனம். அதை ஆய்வறிக்கைக்குத் தகுந்த மரியாதையான சொற்களில் பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில் ஓர் அட்டவணை வைத்தேன்: ஊர்வாரியாகச் செலவாகாத தொகை.

அறிக்கை வெளியானபின் மதுரையில் நடந்த அந்தக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிகாரி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னார்: "உங்க அட்டவணை ரொம்ப உபயோகமா இருந்துச்சு மேடம். செலவழிக்கத் துப்பில்லாத ஊருகளுக்கு இந்த வருசம் கழிப்பறைப் பணத்த நிறுத்திட்டோம்."

"லேட்டா வந்ததுனாலதான் செலவாகலைன்னு எழுதியிருக்கேனே சார். படிக்கலையா?"

"எங்க மேடம் நேரம்? அட்டவணை மட்டும் பாத்தேன்."

அந்த அட்டவணையிலேயே தேதிகளையும் சேர்க்காமல் விட்டதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த ஆளிடம் சத்தம் போடவில்லை. பொன்னாடையை ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுவாரம் மறுபடி பால்வாடிக்குப் போனேன். "எப்பக் கட்டுவாங்க மேடம்?" என்று டீச்சர் ஆசையாகக் கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குள் ஒரு பிள்ளை ஒற்றை விரலைக் காட்டியது. அதன் கையைப் பிடித்து, லாரி ஒன்று போகும்வரை நின்று, ரோட்டைத் தாண்டிக் கூட்டிப்போய் வந்தார்.

"அந்த நோட்டக் குடுங்க டீச்சர். போட்டோ எடுத்து, தேதியோட அவங்களுக்கு மறுபடி எழுதுறேன்."

"நோட்டு ஆபீஸ்ல இருக்கு மேடம்."

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் பச்சை அட்டை தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

"சரி டீச்சர், வாரேன்," என்று கிளம்பினேன்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் தங்கள் நோட்டுகளை நம்பி என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். தர மறுத்தவர் இவர் ஒருவர்தான். அவர் செய்தது சரி.