ப்ரூஸ்கா ஆடாத எட்டுப் பந்து

எல்மர் ட்விக் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியே காலம் தள்ளியவர். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பஃபலோ நகர வானொலியில் அவருடைய வேலையே அதுதான். நாரைகள் என்ற பேஸ்பால் அணி உள்ளூரில் ஆடினால் மைதானத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்வார். வெளியூரில் ஆடினால் அணியோடு அவரையும் அனுப்ப நிலையத்துக்கு மனசு வராது. அப்போது மேசை நாற்காலிக் கடைக்கு மேலே நாலாவது மாடியில், சன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, தந்தியில் வரும் நாலு வார்த்தையை வைத்து ஓர் ஆட்டத்தையே கட்டி எழுப்புவார்.

தந்தியின் கட்டு கட ஓசையைக் காதால் கேட்டு, துண்டுச் சீட்டில் தட்டச்சு செய்து நீட்டுபவள் டோரிஸ் கெம்ப். கூட்டத்தின் இரைச்சல் ஓர் இசைத்தட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்ட மட்டைத் துண்டு ஒன்று எல்மரின் முகத்துக்கு நேரே ஆடும். அதைப் பென்சிலால் தட்டினால் பந்து அடிபட்டது என்று அர்த்தம். சீட்டில் ‘பந்து, வெளியே’ என்று மட்டும் இருக்கும். எல்மர் வாயில் பந்து வீசுகிறவன் தொப்பியைச் சரிசெய்வான், மண்ணைக் காலால் கிளறுவான், மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி குடையை மடக்குவாள். அந்தப் பெண்மணியைப் பெற்றவரும் எல்மர்தான், வளர்த்தவரும் அவர்தான்.

ஊருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் மறந்துபோவார்கள். மறக்கடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கொரியாவில் சண்டை தொடங்கிய அந்தக் கோடையில் நாரைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். வருஷா வருஷம் கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், ஆகஸ்ட் முடிவதற்குள் ரெண்டாவது இடத்துக்கு வந்து, முதலிடத்தில் இருந்த சிகாகோவின் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் காஸ் ப்ரூஸ்கா. போலந்துக்காரர்கள் குடியிருக்கும் கிழக்குப் பக்கத்துப் பையன், உருக்காலைக்காரனின் மகன். அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆலைக்குள்ளேகூட யாராவது ரேடியோவைப் பெரிதாக்குவார்கள்.

சிகாகோவில் நடந்த ஆட்டம் அது. ஆறாவது சுற்று. வீசுகிறவன் ராஸ்கோ டீல், அந்த வருஷத்தில் அவனைவிட வேகமாக வீசியவன் கிடையாது. அப்போதெல்லாம் தலைக்கவசம் ஏது, துணித் தொப்பிதான். ‘ப்ரூஸ்கா வருகிறான்’ என்று சீட்டு வந்தது. எல்மர் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார், கூட்டத்தின் இரைச்சலை ஏற்றினார், அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார். கை நீட்டியபடியே நின்றது. டோரிஸ் உதட்டைப் பிதுக்கினாள். தந்திக் கம்பி செத்துவிட்டது.

கம்பி செத்தால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் கேட்கிறவன் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவான். இதற்கென்று அந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் ஒரு வேலை உண்டு. பந்து மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனால் அது ஃபவுல். முதல் ரெண்டு ஃபவுல்தான் மட்டைக்காரனின் கணக்கில் ஏறும். அதற்குப் பிறகு எத்தனை அடித்தாலும் ஆட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும், யாருக்கும் நட்டமில்லை. கம்பிக்கு உயிர் வரும்வரை மட்டைக்காரனை ஃபவுல் அடிக்கவைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்மர் தட்டினார். முதல் ஃபவுல், இடப்பக்கம். தட்டினார். ரெண்டாவது, கூரைமேல். மூன்றாவதைக் கூட்டத்தில் ஒரு தடித்த ஆள் தொப்பியில் பிடித்தார். நாலாவதில் டீல் முகம் சிவந்தான். அன்றைக்கு எல்மருக்கு நாக்கில் சரஸ்வதி குடியேறிவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். எட்டாவது பந்தில் மட்டையே விரிசல் விட்டது. ப்ரூஸ்கா புது மட்டை வாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, திரும்பவும் வந்து நின்றான். டோரிஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது தந்தி உயிர்பெற்றது. டோரிஸின் விரல்கள் ஓடின. பாதியில் அவள் சிரிப்பு நின்றது. சீட்டை நீட்டவில்லை, மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

‘ப்ரூஸ்கா. முதல் பந்து. நெற்றிப்பொட்டில். விலகவே இல்லை. தூக்கிச் செல்கிறார்கள்.’

இசைத்தட்டில் கூட்டம் இன்னும் குதூகலமாகக் கத்திக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எல்மருக்குத் தோன்றவில்லை, டோரிஸ்தான் எழுந்து ஊசியைத் தூக்கினாள். பழகிய வாய் இருக்கிறதே, அது மனுஷனைக் கேட்டுக்கொண்டா பேசும்? ஒன்பதாவது பந்து வருகிறது என்றது. ப்ரூஸ்கா விழுந்துவிட்டான் என்றது. பொய்யையும் நிஜத்தையும் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டது.

“ஏன்யா அப்படிச் சொன்ன?” என்றாள் டோரிஸ், ஒலிபரப்பு முடிந்ததும்.

“வேற என்ன சொல்லச் சொல்ற?”



காஸ் பிழைத்துக்கொண்டான். செப்டம்பர் பாதியில் தலையில் கட்டோடு ரயிலில் வந்து இறங்கியபோது ஊரே நிலையத்துக்குப் போனது. பத்திரிகைகளில் பந்து பட்டது என்பதற்கு மேல் விவரம் இல்லை. கூட ஆடுகிறவர்களோ அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். அடிபட்டவனிடம் அந்தப் பந்தைப் பற்றிப் பேசினால் அடுத்த பந்து பேசியவனைத் தேடி வரும் என்று அவர்களுக்கு ஒரு பயம். ஆகவே ஊருக்குத் தெரிந்ததெல்லாம் எல்மர் சொன்னதுதான். டீலின் பந்தை எட்டுத் தடவை அடித்துத் துரத்தியவன் என்று காஸைக் கட்டிப்பிடித்தார்கள்.

சிகாகோ அணி கடைசி வாரத்தில் பஃபலோவுக்கு வருவதாக இருந்தது. நாரைகள் ஒரே ஓர் ஆட்டம் பின்தங்கியிருந்தார்கள். அடுத்த வசந்தம்வரை மட்டையைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் தெரிகிறது என்று நீ சொன்னால் போதும், உன்னை இறக்குகிறேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். காஸ் ஆடவேண்டும் என்று ஊர் மொத்தமும் ஆசைப்பட்டது. எல்மரும் ஆசைப்பட்டார் என்பதை இங்கே மறைப்பானேன்.

சிகாகோ வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் காஸின் அம்மா ஹெலேனா ப்ரூஸ்கா எல்மரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்து வெண்ணெயில் புரட்டிய பியரோகிக் கொழுக்கட்டைகளைத் தட்டில் குவித்தாள்.

“சாப்பிடுங்க மிஸ்டர் ட்விக். கொரலைக் கேட்டா மலையாட்டம் ஆளுன்னு நெனச்சேன். நேர்ல பாத்தா நீங்க தட்டுற பென்சில் மாதிரியில்ல இருக்கீங்க.”

காஸ் சிரித்தான். சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அந்த எட்டுப் பந்தையும் எனக்கு ஒரு தடவ சொல்லுங்க சார். அன்னிக்குக் காலைல ஓட்டல்ல முட்டை தின்னேன், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல தொடச்சு வெச்சாப்பல இருக்கு.”

“எதுக்குப்பா அதெல்லாம்?” என்றார் எல்மர்.

“நாளன்னைக்கு அதே டீல் வர்றான். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு உதறல் இருக்கத்தான் செய்யுது. ஆனா பாருங்க, கண்ணு சரியில்லாதவன் அவன் வேகத்துக்கு எட்டுப் பந்தைத் தொட முடியுமா? ஒண்ணு ரெண்டுன்னா குருட்டாம்போக்குன்னு சொல்லலாம். எட்டு சார். அதை நெனச்சுத்தான் ஆடுறேன்னு சொல்லிட்டேன்.”

எல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இந்த வீட்டை விட்டு எழுந்து ஓடிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு அவன் நெற்றியில் இன்னும் மஞ்சளாக இருந்த வீக்கத்தைப் பார்த்தார்.

“எட்டு இல்ல காஸ்.”

“ஏழா?”

“ஒண்ணுகூட இல்ல. கம்பி அறுந்துபோச்சு. நான் சும்மா தட்டிக்கிட்டு இருந்தேன். உனக்குப் பட்டது முதல் பந்து.”



“முதல் பந்தா?” என்றான் காஸ். “நான் குனியலையா?”

“விலகவே இல்லன்னு சீட்டுல இருந்தது.”

காஸ் கையை மெதுவாகத் தூக்கி வலது கண்ணை மூடிக்கொண்டான். எதிரே சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“அப்ப நான் அந்தப் பந்தப் பாக்கவே இல்ல,” என்றான். “அம்மா, ஜூலைலேர்ந்தே இந்த எடது கண்ணு மங்கலாத்தான் இருக்கு. சரியாப்போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல.”

எல்மர் இடிந்துபோனார். தன் பொய்யைத் தூணாக்கிச் சாய்ந்துகொண்டு ஒரு பையன் மறுபடியும் அந்தப் பந்துக்கு முன்னால் போய் நிற்க இருந்தான். இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நின்றிருப்பான்.

ஹெலேனா மகனைத் திட்டுவாள் என்று பார்த்தால், அவள் எல்மரைத்தான் பார்த்தாள்.

“மிஸ்டர் ட்விக், எட்டுத் தடவையும் நான் இந்த எடத்துல எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரிய வேற கூப்பிட்டுச் சேர்ந்து தட்டினோம். அப்ப எம்புள்ள மண்ணுல கெடந்தானா?”

“ஆமா,” என்றார் எல்மர்.

அவள் அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

காஸ் பயிற்சியாளரிடம் கண்ணைப் பற்றித் தானே போய்ச் சொன்னான். சிகாகோ ஆட்டம் தொடங்கும் முன் எல்மர் மைதானத்திலிருந்து ஒலிவாங்கியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஊர் வாயடைத்துப் போனது. பிறகு வாய் திறந்தது, அதை எழுத முடியாது. காஸ் இல்லாத நாரைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்று, சாம்பியன் பட்டத்தைக் கோட்டைவிட்டார்கள். பந்து பட்டதை யாரும் பழிக்கவில்லை, கெட்டுப்போன கண்ணைப் பழிக்கவில்லை. எல்லாத்துக்கும் ட்விக்தான் காரணம் என்றானது. பிராட்வே சந்தைக் கறிக்கடைக்காரர் வெறும் காகிதத்தைப் பொட்டலமாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“உள்ள அருமையான கறி இருக்கு ட்விக். நீங்களே வர்ணிச்சுக்கிட்டே சாப்பிடுங்க.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எல்மர் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

எப்படியோ நிலையம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. குரலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் இல்லை. காஸ் பிறகு ஆடவே இல்லை. உருக்காலைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்த வசந்தத்தில் டெட்ராய்ட்டில் ஓர் ஆட்டம். நாலாவது சுற்றில், நாரைகளின் புதுப் பையன் ஒருவன் மட்டையோடு வந்து நின்றபோது கம்பி செத்தது. டோரிஸ் பழக்கத்தில் இசைத்தட்டைப் பெரிதாக்கினாள். நூலில் தொங்கிய மட்டைத் துண்டு எல்மரின் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கையை நீட்டி ஊசியைத் தூக்கினார். கூட்டம் சட்டென்று இல்லாமல் போனது.

“யோவ், தட்டுய்யா,” என்று டோரிஸ் உதட்டை மட்டும் அசைத்தாள். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் ரெண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார்.

“கம்பி அறுந்துபோச்சு,” என்றார் எல்மர் ஒலிவாங்கியில். “இங்க நான் ஒரு ரூம்புல உக்காந்திருக்கேன். அங்க அந்தப் பையன் நிக்கிறானா விழுந்துட்டானான்னு எனக்குத் தெரியாது. உங்களோட சேர்ந்து நானும் காத்திருக்கேன்.”