இரண்டு சாவி, ஒரு கரடி

பூட்டைத் தொடுவதற்கு முன்பு பன்னீர்செல்வம் இரண்டு கைகளையும் விரித்துக் கூரைக் கேமராவுக்குக் காட்டுகிறார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. கதவைச் சாத்திய பின்பும் அப்படியே. யாராவது தேநீர்க் கோப்பையை நீட்டினாலும், குடித்து வைத்துவிட்டு ஒருமுறை காட்டுவார். வளைகுடா நாட்டில், குதைபியாவில் ஒரு ஹோட்டலின் விளையாட்டுக் கூடத்தில் டோக்கன் போட்டு ஆடும் பதினாறு மெஷின்களுக்கு அவர்தான் காவல். வாரம் தவறாமல் போய்த் தோற்கிறவன் நான், நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் ஊர் அரியலூர்ப் பக்கம். சீருடையில் பை கிடையாது, அது விதி. சொந்தச் சட்டைகளிலும் பையை மூடித் தைத்துக்கொண்டார். அது விதியில் இல்லை. "அப்பல்லாம் யூனிபார்ம்ல பை உண்டு. முன்னாடி இந்த டூட்டியில இருந்தவரு கைக்குட்டை எடுக்கப் பையில கை விட்டாருண்ணே. கேமராவுல டோக்கன எடுத்துப் போட்ட மாதிரி தெரிஞ்சிருக்கு. கலாஸ், கதை முடிஞ்சுது, ஊருக்கு அனுப்பிட்டாங்க." இவர் வியர்வையை முழங்கையால் துடைக்கிறார்.

மகளுக்குப் பதினொரு மாதம். இன்னும் நேரில் பார்த்ததில்லை. நாற்பது நாள் லீவு கேட்டு எழுதிய தாள் மேனேஜர் ஸ்வாதியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மெஷினுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், மற்றது மெக்கானிக் கலீலுர் ரஹ்மானிடம். போன வெள்ளிக்கிழமை கலீல் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் கொக்கியால் பொம்மை தூக்கும் மெஷினில் ஒரு கரடிப் பொம்மையைப் பிடித்துவிட்டார். நான்கு நாள் உழைப்பு. கரடி வெளியே விழும் வழியில் சிக்கிக்கொண்டது. தலை உள்ளே, கால் வெளியே. வெளியே விமான நிலையத்துக்கு டாக்சி நின்றது.

ஸ்வாதி கலீலின் பூட்டுக்கு மாற்றுச் சாவியோடு வந்தார். "பன்னீர், ஒரு பொம்மைதானே. நானும் நிக்கிறேன், திறந்து குடுத்துடுங்க."

"பேரு போட்ட ரெண்டு ஆளு நிக்கணும் மேடம். உங்க பேரு அதுல இல்ல." சுவரிலிருந்த விதித்தாளைக் காட்டினார். அடியில் ஸ்வாதியின் கையெழுத்து.

லீவுத் தாள் அந்தப் பெண்மணியின் மேசையில் கிடக்கும்போது இந்தப் பிடிவாதம். திறந்து தொலையேன்யா என்று கத்தலாம் போலிருந்தது எனக்கு. விருந்தினர் கரடியின் காலைப் பிடித்து இழுத்தார். "பாய், மாஃபி, மாஃபி", கூடாது என்று பன்னீர்செல்வம் அதையும் தடுத்தார். விருந்தினரோடு டாக்சி போய்விட்டது. தொழுகை முடிந்து கலீல் வந்து பூட்டைத் திறந்ததும் கரடி தானாக விழுந்தது. இப்போது அது வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

விருந்தினர் நான்கு பத்திக்குப் புகார் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதி லீவுத் தாளைக் கூடத்துக்கே கொண்டு வந்தார். நாற்பதை அடித்து இருபது என்று திருத்தியிருந்தது.

"நீங்க செஞ்சது விதிப்படி சரிதான் பன்னீர். ஆனா கம்ப்ளைன்ட் வந்துடுச்சே."

"பாப்பாவுக்கு வேத்து மொகம் பாக்குற வயசு மேடம். எங்கிட்ட வர்றதுக்கே பத்து நாளு ஆவும்."

பன்னீர்செல்வம் தாளை வாங்கினார். வைக்கப் பை இல்லை. பல்லில் கவ்விக்கொண்டு, கூரையைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை.