ரெண்டு வேண்டாவுக்கும் ஒரே எம்

வங்கியில் பேரைச் சொல்வதென்றாலே வேண்டாவுக்கு ஒரு தயக்கம். "லோனுக்கா வந்தீங்க? பேரு சொல்லுங்க" என்பார்கள். "வேண்டா" என்பாள். "வேண்டாமா? அப்ப எதுக்கும்மா வந்தீங்க?" என்று சிரிப்பார்கள். அதைச் சொல்கிற ஒவ்வொருத்தருக்கும் தான்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். வேண்டாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். லோன் தரவேண்டிய மனுஷன் சிரிக்கும்போது முறைத்தால் நன்றாகவா இருக்கும்?

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் பெண் வேண்டா என்று சாமிக்குத் தகவல் சொல்ல வைத்த பேர் அது. தகவல் போய்ச் சேரவில்லை. நாலாவதும் பெண்.

வேண்டா இப்போது சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில் இட்லி, பொங்கல் செய்து தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோய் விற்கிறாள். பாத்திரங்களோடு ஷேர் ஆட்டோவில் போவதென்றால் டிரைவருக்கு மனசு வரவேண்டும். வராத அன்றைக்கு ஷிப்டுக்காரர்கள் பட்டினியோடு உள்ளே போய்விடுவார்கள், பொங்கல் மிஞ்சி மாட்டுக்குப் போகும். அதனால்தான், ஓட்ட ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று, பக்கத்துத் தெரு ஜெயக்குமாரின் பழைய குட்டி லோடு வண்டியை விலை பேசி வைத்திருந்தாள். ஜெயக்குமாரும் மாசக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

வங்கி மேனேஜர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க பேர்ல ஒரு பைக் லோன் கட்டாம நிக்குதும்மா. கிரெடிட் ஸ்கோர் படுத்துடுச்சு."

"சார், எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"லோன் வாங்க ஓட்டத் தெரியணுமா? கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும்."

எம். வேண்டா. பிறந்த தேதி ஒன்று ஆறு எண்பது. விலாசம், படாளத்துப் பக்கம் அவள் பிறந்த ஊர். யாரோ முகம் தெரியாத திருடன் என்றால் நிம்மதியாகத் திட்டலாம். இது யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு வேண்டா இருந்தார்கள். முனுசாமி மகள் மு. வேண்டா, அதாவது இவள், சின்னவள். மாரி மகள் மா. வேண்டா, உசரமாக இருந்ததால் பெரியவள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் எட்மாஸ்டர் ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டார். தமிழில் மு வேறு, மா வேறு. இங்கிலீஷுக்குப் போனதும் ரெண்டும் எம்.

வகுப்பில் ரெண்டு பேரில் யார் தப்புப் பண்ணினாலும் வாத்தியார் "வேண்டா!" என்று கத்துவார். எந்த வேண்டா என்று அவருக்கே தெரியாது. பெரியவள் எழுந்துபோய்க் கையை நீட்டுவாள். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேண்டா பிரவுசிங் சென்டரில் சொல்லி, கிரெடிட் ரிப்போர்ட் தப்பு என்று புகார் போட்டாள். கடன் கொடுத்த கம்பெனி சரிபார்த்துவிட்டது, விவரம் சரிதான் என்று பதில் வந்தது. கம்பெனியின் செங்கல்பட்டு ஆபீசுக்கே நேராகப் போனாள். அங்கே ஸ்ரீதேவி என்கிற சின்னப் பெண் பழைய பைலை எடுத்துக் காட்டினாள். பான் நம்பர் எழுதவேண்டிய இடம் காலி. போட்டோ ஜெராக்ஸில் கரிச்சட்டி மாதிரி இருந்தது. கையெழுத்து வெறும் 'வேண்டா'. ஒரே வாத்தியார் கற்றுக்கொடுத்த எழுத்து, அச்சு அசல் இவளுடையது மாதிரியே.

"நீங்க சொல்ற அந்த இன்னொரு வேண்டாவே நேர்ல வந்து இது என் கடன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா, உங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு அன்னிக்கே லெட்டர் தந்துடுவேன்மா."

"கடன யாராவது தேடி வந்து வாங்கிக்குவாங்களா மேடம்?"

ஸ்ரீதேவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள். அந்த லெட்டர் இருந்தால் போதும், ரிப்போர்ட் மாறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று வங்கி மேனேஜரும் சொல்லியிருந்தார்.

பெரியவள் மாமல்லபுரம் கடற்கரையில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்தாள். கையில் கத்தி, எதிரே மிளகாய்த்தூள். சங்கடமான விஷயம் பேச இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

"இன்னாடி சின்னவளே, வழி தவறி வந்துட்டியா?"

"உன்னத்தான் தேடிகினு வந்தேன். நீ ஒரு பைக் லோன் வாங்குனியே?"

பெரியவள் முகம் கடைக்கு ஷட்டர் இறக்கியது மாதிரி ஆனது. "அதத்தான் அவனுங்களே வண்டியத் தூக்கினு பூட்டானுங்களே! வண்டியும் இல்ல, கடனும் இல்ல."

"அத வித்தும் பாக்கி நிக்குதாம். அது என் தலைல ஏறிகினு கீது."

"அப்ப என் தலைல எறக்கி வெக்க வந்துகீற."

அதற்குத்தானே வேண்டா வந்திருந்தாள். செங்கல்பட்டு ஆபீசுக்கு வந்து உன் கடன்னு எழுதிக் குடு என்றாள்.

"நான் வரமாட்டேன். நாளைக்கு எம் பொண்ணு படிப்புக்கு லோன் கேட்டா எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?"

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு அங்கதான் இருப்பேன். ராட்டினங்கிணறு ஸ்டாப்புல எறங்கணும்."

"போடி. யாவாரத்தக் கெடுக்காத."

திட்டிக்கொண்டே ஒரு மாங்காயைக் கீறி, தூள் போட்டு, அவள் கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அதைத் தின்னும்போது வேண்டாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். தூள் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை மாசக் கடைசி நாள். செங்கல்பட்டு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெயக்குமார் போன் பண்ணினான். "அக்கா, மறைமலை நகர்க்காரரு ரொக்கத்தோட வந்து நிக்கிறாரு. லோன் ஆவுமா ஆவாதா? சாயங்காலத்துக்கு மேல என்னால தாங்காது."

"ஆவும்டா. கொஞ்சம் பொறு."

எந்த தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பத்து மணி தாண்டி, பதினொன்றும் தாண்டியது. பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள். யார் யாரோ இறங்கி வந்தார்கள். மதியத்துக்கு மேல் தனக்கு மீட்டிங் இருப்பதாக ஸ்ரீதேவி ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியாயிற்று.

"எம். வேண்டா!" என்று உள்ளேயிருந்து ஸ்ரீதேவி கூப்பிட்டாள்.

வேண்டா எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்ச் சொல்ல என்ன இருக்கிறது? ஆள் வரவில்லை என்றா?

"எம். வேண்டா இல்லையா? அப்ப நான் பைல மூடிடறேன்மா."

"கீறேன் மேடம்."

வாசலில் பெரியவள். இடுப்பில் மாங்காய்க் கூடை, நெற்றியெல்லாம் வேர்வை.

"வரமாட்டேன்னியேடி?" என்றாள் வேண்டா.

"இன்னா பண்றது? வேண்டான்னு கத்துனா எனக்குக் காலு தானா எழுந்துக்குது."

ஸ்ரீதேவி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். "டேட் ஆப் பர்த்?"

"ஒண்ணு ஆறு எம்பது" என்று ரெண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"ட்வின்ஸா?"

"ஒரே எட்மாஸ்டரு, மேடம்" என்றாள் பெரியவள்.

இது என் கடன் என்று அவள் எழுதினாள். கீழே கையெழுத்துப் போடும்போது, இந்தத் தடவை, 'மா' என்று பெரிதாகப் போட்டு, புள்ளியை அழுத்தி வைத்து, அப்புறம்தான் 'வேண்டா' எழுதினாள். "அசல நான் கட்டறேன். வட்டியக் கம்பெனி கட்டிக்கட்டும்" என்றாள். வட்டியைத் தள்ளிவிடச் சொல்லி மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று ஸ்ரீதேவி சொன்னாள்.

லெட்டரைக் கையில் வாங்கியதும் வேண்டா வெளியே வந்து வங்கிக்குப் போன் போட்டாள். பெரியவள் கூடையைக் கீழே இறக்காமலே பக்கத்தில் நின்றாள்.

"லெட்டர் கெடச்சிடுச்சு சார்."

"யாரும்மா பேசுறது?"

"வேண்டா சார்."

"என்னது, லோன் வேண்டாமா?"

வேண்டா எப்போதும் போல் சிரித்துவைக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பெரியவள் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பேருதான் சார் வேண்டா. லோனு வேணும்!"